அருவியில் வாளி பிடித்தவர்

ரொட்டியின் மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்துக்கொண்டே சோல்வி அப்பாவிடம் சத்தியம் வாங்கினாள்.

"அப்பா, இப்பவே சொல்லிடறேன். இன்னிக்கு நீங்க வெறும் பயணி. சுக்கான் ரூமுக்குள்ள உங்க கால் பட்டுச்சுன்னா சாவிய உங்க கையில குடுத்துட்டு நான் பழைய வேலைக்கே போயிடுவேன். கார் ஏத்தற படகுல என் இடத்துக்கு இன்னும் யாரையும் போடல."

ஓஸ்முன் காபியைப் பார்த்தபடி மூச்சை உள்ளே இழுத்தார். அதுதான் பதில். எங்கள் கரையில் ஆமாம் என்று வாயைத் திறந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம். காற்றை உள்ளே இழுக்கும்போதே 'யா' என்பதும் அதோடு சேர்ந்து தொண்டைக்குள் போய்விடும். கேட்பவருக்குச் சின்னதாக ஒரு சீறல் கேட்கும், அவ்வளவுதான். பெரிய சம்மதமானால் பெரிய மூச்சு.

"வாயால சொல்லு," என்றாள் அவர் மனைவி குன்வோர். "அப்புறம் நான் எங்க சொன்னேன்னு நழுவுவ. உன்னோட இத்தன வருஷம் குப்பை கொட்டினவ நான்."

"சரி, கால் வைக்க மாட்டேன். போதுமா?"

"வாயையும் வைக்கக் கூடாது," என்றாள் சோல்வி. "மெதுவா, இடது பக்கம் பாரு, பாறை வருது, ஒண்ணும் கூடாது."

ஓஸ்முன் இன்னொரு மூச்சை இழுத்தார். இது சிறியது.

சோல்வி விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. பள்ளிக்கூடம் முடித்த கோடையில் அப்பாவின் சுற்றுலாப் படகில் ஏறியவள், உரிமம் வாங்கியும் ரொம்ப நாளாயிற்று. குளிர்காலங்களில் கார் ஏற்றும் பெரிய படகை அக்கரைக்கும் இக்கரைக்கும் பனிப்புயலில் ஓட்டியிருக்கிறாள். ஆனால் அப்பாவின் படகில் கதை வேறு. மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்த கடலான ஃபியோர்டு முழுக்க அவளை ஓட்ட விடுவார். ஹெஸ்தே அருவி கண்ணில் பட்டதும் "தள்ளிக்கோ" என்று சுக்கான் சக்கரத்தைப் பிடுங்கிக்கொள்வார். அருவிக்குள் படகின் மூக்கை விடுவது அவர் வேலை. முன்னால் போய் நனைந்துகொண்டு வாளி பிடிப்பது அவள் வேலை.

அந்த வாளிக்காகத்தான் ஜனங்கள் எங்கள் படகில் ஏறுகிறார்கள். அருவி விழுகிற பாறையோடு மூக்கை ஒட்டி நிறுத்தி, நீளக் கம்பில் மாட்டிய வாளியை நீட்டிப் பனி உருகிய தண்ணீரைப் பிடிப்போம். காகிதக் கோப்பைகளில் ஊற்றி எல்லாருக்கும் கொடுப்போம். முதல் கோப்பை மட்டும் சுக்கான் பிடித்தவருக்கு. மழைக்கோட்டின் முதுகில் தண்ணீர் வழிய வழிய, சோல்விதான் அதை ஒவ்வொரு முறையும் அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுவாள்.

"அங்க நிக்கும்போது ஒரு தடவையாவது திரும்பி என்னைப் பாத்துச் சிரிக்கறாளா பாரு," என்று ஓஸ்முன் மனைவியிடம் புலம்புவார். "எப்பவும் முதுகுதான். என்மேல அவ்வளவு கோவம் அவளுக்கு."

"சக்கரத்தப் பிடுங்கினா கொஞ்சுவாளா?" என்பாள் குன்வோர்.

இந்தக் குளிர்காலத்தில் அவருக்கு இடுப்பு எலும்பை மாற்றி வைத்தார்கள். வசந்தம் வந்து, முதல் பயணம் நெருங்கியதும், சாவியை எடுத்து மகளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்த கையை எடுக்கும் முன்பே, "அருவிகிட்ட மட்டும் நான் வந்து…" என்று ஆரம்பித்தார். அதனால்தான் இந்தச் சத்தியம்.

உள்ளதைச் சொல்லிவிடுவோம். மகள் தோற்றுவிடுவாளோ என்று அவருக்குப் பாதிப் பயம். தோற்காமல் போய்விட்டால் தனக்கு அந்தப் படகில் என்ன வேலை என்று மீதிப் பயம். ஆனால் அவள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாளோ என்ற நினைப்பு இரண்டையும்விடப் பெரியதாக இருந்தது. அவள் இல்லாத படகை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

படகு கிளம்பியது. இரண்டு கரையிலும் ஆப்பிள் மரங்கள் பூத்துத் தள்ளியிருந்தன. மேலே மலை உச்சியில் பனி இன்னும் கிடந்தது. நடுவில் பார்த்த இடமெல்லாம் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓஸ்முன் சுக்கான் அறைக்குப் போகும் படிக்கட்டின் கீழே இருந்த பெஞ்சில், கையில் வாஃபிளோடு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்தார். பக்கத்தில் குன்வோர் காபி விற்கும் ஜன்னல். முன்பக்கம் ஒட்வார் வாளியை வைத்துக்கொண்டு, உதட்டுக்கடியில் புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கியபடி, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வருஷம் வாளிக்கு அமர்த்திய ஆள் அவன். ஐம்பது வயது. எதற்கும் அவசரப்படமாட்டான்.

எங்கள் ஆட்களாக இருந்தால் பெஞ்சின் அடுத்த கோடியில் உட்கார்ந்திருப்பார்கள். ரோஸ்விதா என்ற ஜெர்மன் அம்மாள் ஓஸ்முன் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்தாள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். பேசியது அவள்தான்.

"இதெல்லாம் ஆப்பிள் மரமா?"

ஓஸ்முன் மூச்சை இழுத்தார்.

"படி ஏறக் கஷ்டமா இருக்கோ? நொண்டுனீங்களே."

மறுபடி ஒரு மூச்சு.

அம்மாள் அவர் நெஞ்சைப் பார்த்தாள். "ரொம்ப நாளாவே இப்படித்தானா?"

பயணியாக உட்கார்ந்திருப்பதைத்தான் கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். "இன்னிக்கு மட்டுந்தான்," என்றார். "காலைல இருந்து. தாங்கவே முடியல."

அம்மாள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

வளைவு திரும்பியதும் ஹெஸ்தே அருவி தெரிந்தது. ஆகஸ்டில் அது சாது. யார் வேண்டுமானாலும் மூக்கை விடலாம். மே மாதத்தில் மலை முழுக்க ஒரே சமயத்தில் உருகும்போது, தண்ணீர் விழுகிற வேகத்தில் காற்று கிளம்பி வந்து படகைப் பக்கவாட்டில் தள்ளும். தள்ளத் தொடங்கும் நொடியிலேயே அதற்கு எதிராகத் திருப்பிவிட வேண்டும். முன்னாலேயே திருப்பினால் மூக்கு பாறையில் இடிக்கும். பிந்தினால் வால் போய் இடிக்கும்.

ஓஸ்முன் திருப்புகிற இடம் வந்தது. சோல்வி திருப்பவில்லை.

அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார். முகம் சிவந்தது. 'திருப்பு, திருப்பு' என்று சொல்லத் துடித்த வாயில் மீதி வாஃபிளை மொத்தமாகத் திணித்துக்கொண்டார். பிறகு, அவர் எப்போதும் திருப்புகிற இடம் தாண்டி, காற்று முகத்தில் அடித்த அந்த நொடியில், படகு பதறாமல் திரும்பியது. அவர் பார்த்த திருப்பங்களிலேயே அழகான திருப்பம். வாஃபிளை விழுங்கிவிட்டு, அடிவயிற்றிலிருந்து பெரிதாக ஒரு ஆமாம் இழுத்தார். போதாமல் இன்னொன்றும் இழுத்தார்.

ரோஸ்விதா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓடாமல் என்ன செய்யும்?

"மூச்சுத் திணறுது!" என்று அலறினாள். "இவருக்கு மூச்சு நிக்கப் போகுது! கேப்டன்கிட்ட சொல்லுங்க!"

ஒட்வார் ஆயுளில் முதல்முறையாக ஓடினான். வாளியைத் தளத்திலேயே போட்டுவிட்டுப் படியேறி, "சோல்வி, உங்க அப்பாவுக்கு மூச்சு நின்னுடுச்சாம்!" என்று கத்திவிட்டு, மருந்துப் பெட்டியைத் தேடிக் கீழ்த்தளத்துக்கு ஓடினான்.

உடனே இயந்திரத்தின் சத்தம் இறங்கியது. படகின் மூக்கு அருவியை விட்டு விலகத் தொடங்கியது.

ஓஸ்முன் அதைப் பார்த்தார். இத்தனை வருஷம் காத்திருந்த அருவியை அவள் ஒரு கணம்கூட யோசிக்காமல் அவருக்காக விட்டுவிட்டாள். கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க!" என்றாள் ரோஸ்விதா.

"ஓடு!" என்றாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிய குன்வோர். "போய்ச் சொல்லு அவகிட்ட! அறுபது வயசு தாண்டியும் ஒரு ஆமாவ ஒழுங்கா சொல்லத் தெரியல உனக்கு!"

புது இடுப்போடு அவர் படியேறினார். சுக்கான் அறை வாசலுக்கு வந்ததும், உள்ளே போகப் போன காலை அப்படியே நிறுத்தினார். வாசலில் ஒரு பித்தளைப் பட்டை உண்டு. பூட்ஸ் முனை பட்டையைத் தொடாமல் நின்றுகொண்டு, நிலையைப் பிடித்தபடி தலையை மட்டும் நீட்டினார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா!"

சோல்வி முகம் வெளுத்து, ஒரு கையில் ரேடியோவைப் பிடித்திருந்தாள். "படுங்கப்பா! கீழ படுங்க! நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சும் வலிக்கல, ஒண்ணும் வலிக்கல. நீ நல்லா திருப்பினே. அதுக்கு ஆமான்னேன். ரெண்டு தடவ சொன்னேன். அந்தம்மா பயந்துடுச்சு."

சோல்வி அவரையே பார்த்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் ரோஸ்விதா படியேறி வந்து, தானே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றாள்.

"செத்துட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள் சோல்வி.

"ஆமான்னு சொன்னதுக்கெல்லாம் சாவு வந்தா நம்ம ஊர்ல ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்கம்மா."

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அப்போதுதான் அவர் பூட்ஸ் முனை எங்கே நிற்கிறது என்பதைக் கவனித்தாள். ரேடியோவை மாட்டிவிட்டு, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மூக்கு மறுபடி அருவிப் பக்கம் வந்தது.

"ஒட்வார் எங்க?"

"மருந்துப் பெட்டி தேடறான். இன்னிக்குள்ள கெடைக்காது."

வாளி முன்தளத்தில் இங்கும் அங்கும் உருண்டுகொண்டிருந்தது. அவள் வாளியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இடுப்பு எப்படி இருக்கு?"

"பழசவிட உறுதி."

"அப்போ போங்க. இடுப்புல கயிற மாட்டிக்கங்க. மாட்டாம வாளிய தொட்டீங்கன்னா திரும்பிடுவேன்."

படகு ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, அருவிக்குள் போகும்போது ஓஸ்முன் படகின் முனையில் நின்றதே இல்லை. அவர் இடம் எப்போதும் பின்னால், கண்ணாடிக்குப் பின்னால், காய்ந்த உடம்போடு. கயிற்றை மாட்டிக்கொண்டு வாளிக் கம்பைத் தூக்கினார். எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இரைச்சலில் தன் இருமல்கூடத் தனக்குக் கேட்கவில்லை. பாறை அவர் நினைத்ததைவிட வேகமாக நெருங்கியது.

கழுத்து தானாகப் பின்னால் திரும்பப் பார்த்தது. சரியாகப் பிடித்திருக்கிறாளா, வேகம் குறைத்தாளா, என்னைப் பார்க்கிறாளா? இத்தனை நேரம் அடக்கி வைத்த 'மெதுவா' தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தார். அருவி வாய் நிறையத் தண்ணீரை ஊற்றி அடைத்தது.

அப்படி நனைந்து நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த இடத்தில் நிற்பவருக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. பின்னால் இருக்கும் கையை நம்ப வேண்டும், அவ்வளவுதான். எத்தனையோ வசந்தங்களில் அவர் மகள் இங்கேதான் நின்றாள். திரும்பிப் பார்க்காதது கோபமும் இல்லை, பிணக்கும் இல்லை. அப்பா பிடித்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சரிபார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இது தெரியாமல் அந்த முதுகைப் பார்த்து அவர் வருஷக்கணக்கில் புலம்பியிருக்கிறார்.

ஓஸ்முன் கழுத்தை நேரே வைத்துக்கொண்டார். திரும்பவில்லை.

அவர் மூக்கை விடும்போதெல்லாம் படகு பாறையில் ஒரு இடி இடிக்கும். பயணிகள் கம்பியைப் பிடித்துக் கூச்சல் போடுவார்கள். அருவி என்றால் அப்படித்தான் என்று சொல்லிவைத்திருந்தார். இன்று அந்த இடி வரவில்லை. கோப்பையைத் தட்டில் வைப்பது போல மூக்கு பாறையில் போய் உட்கார்ந்தது. தொட்டது காலுக்குத் தெரிந்தபோது அவர் வாளியை நீட்டினார். நிரம்பிய கனத்தில் தோள் இழுபட்டது. சிரித்துக்கொண்டே இழுத்தார். அழுதாரா என்று கேட்டால், அந்தத் தண்ணீரில் யாருக்குத் தெரியும்?

படகு பின்வாங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். ரோஸ்விதா துண்டோடு ஓடி வந்தாள். குன்வோர் கோப்பைகளை வரிசையாக அடுக்கிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பத்தான் நீ பாக்க லட்சணமா இருக்க," என்றாள். அது எங்கள் ஊரில் ஏறக்குறைய முத்தம் கொடுப்பதற்குச் சமம்.

முதல் கோப்பையை எடுத்துக்கொண்டு ஓஸ்முன் படியேறினார். உடம்பெல்லாம் சொட்டியது. வாசலுக்கு வந்ததும் பித்தளைப் பட்டைக்கு வெளியே நின்றுகொண்டு, எட்டும் மட்டும் கையை நீட்டினார்.

"தண்ணி."

சோல்வி பின்னால் பார்த்துப் படகைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சக்கரத்திலிருந்து கை எடுக்கவில்லை. "எட்டலப்பா."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நான் கூப்புடறேன். உள்ள வாங்க."

அவர் பட்டையைத் தாண்டினார். கோப்பையை அவள் வாயருகே பிடித்தார். அவள் முழுவதையும் குடித்துவிட்டு, உதட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு, ஃபியோர்டையே பார்த்தபடி கேட்டாள்.

"அப்போ நாளைக்கும் நானே விடலாமா?"

ஓஸ்முன் மூச்சை உள்ளே இழுத்தார்.

"வாயால சொல்லுங்கப்பா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வாசலில் துண்டோடு நின்ற ரோஸ்விதாவுக்கும், கீழே ஜன்னலில் குன்வோருக்கும், கடைசியில் மருந்துப் பெட்டியோடு படியேறி வந்துகொண்டிருந்த ஒட்வாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஆமா. நீயே விடு. வாளி நான் பிடிக்கறேன்."