முன்னுக்கு நிற்கிறவளின் ராக்கெட்

இரத்தினபுரியில் ஹில்மியின் விளையாட்டுச் சாமான் கடைக்குள் கால் வைக்கும்போதே விஜயகலா ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். இனி அவள் பின்னால் நின்று ஓங்கி அடிக்கப் போகிறாள். யார் என்ன சொன்னாலும் சரி.

பழைய ராக்கெட் போன ஞாயிறு உடைந்துபோனது. நடுவில் விழுந்த ஒரே ஷட்டிலுக்கு அவளும் அவளுடைய ஜோடி ரிஸ்லாவும் ஒன்றாகக் கை நீட்ட, இரண்டு ராக்கெட்டும் மோதி, இவளுடையதன் கழுத்து முறிந்தது. பட்மிண்டனில் டபுள்ஸ் ஆடுகிறவர்களுக்கு என்றைக்காவது ஒரு நாள் நடப்பதுதான். ஆனாலும் ரிஸ்லா ஓயாமல் மன்னிப்புக் கேட்டாள், கடைக்கும் கூடவே வந்திருந்தாள்.

விஜயகலா குருவிட்டப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். புருஷன் போன பிறகு அந்தக் கத்தியும் வலது கையும்தான் பிள்ளைகளுக்காக அவள் வீட்டு அடுப்பை எரிய வைத்தன. ரிஸ்லாவுக்குத் தோட்டத்துக்குக் கீழே கடைவீதியில் துணிக்கடை. இருவரும் சேர்வது பின்னேரத்தில், தோட்டத்தில் காலையில் ஆட்களைப் பேர் பதிகிற பழைய பெரட்டுக் கொட்டகையில். சிமெந்துத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு விளையாட்டாகத் தொடங்கியது, இப்போது பிரதேசப் பெண்கள் போட்டியின் இறுதியாட்டம் வரைக்கும் வந்து நின்றது. இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

அரையிறுதியில்தான் அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது. ரிஸ்லா பின்னாலிருந்து அடித்து ஆட்டத்தை முடித்ததும், பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி சிங்களத்தில் சொன்னாள்: "கண்ணாடி போட்டவதான் விளையாடுறா. மற்றவ சும்மா வலைக்குக் காவல் நிக்கிறா." கல்யாண வீட்டில் சோற்றைப் புகழ்கிறவர்கள் அடுப்படியில் நிற்கிறவளைப் பார்ப்பதில்லை; வலையோரம் நிற்கிறவளின் பாடும் அதுதான். எதிராளியைத் திணறடித்து, ஷட்டிலை உயரத் தூக்க வைத்துக் கொடுப்பது முன்னால் நிற்கிறவள். கைதட்டல் வாங்குவது பின்னால் நிற்கிறவள். விஜயகலாவுக்கு அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்துவிட்டது.

"டபுள்ஸா, சிங்கிள்ஸா?" என்று ஹில்மி கேட்டார்.

"டபுள்ஸ்."

"அப்ப யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு? அதைச் சொன்னாத்தான் நான் எடுத்துத் தரலாம். முன்னுக்கு நிக்கிறவங்களுக்குத் தலை லேசா இருக்கணும், சட்டுனு திரும்பும். பின்னுக்கு நின்னு அடிக்கிறவங்களுக்குத் தலைப் பக்கம் பாரம் வேணும்."

"நான் பின்னுக்குங்க," என்றாள் விஜயகலா.

ரிஸ்லா அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்கத் தொடங்கினாள்.

ஹில்மி மூன்று நான்கு ராக்கெட்டை மேசையில் பரப்பினார். விஜயகலாவின் கண் கருஞ்சிவப்பு ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டது. தலை கனம், தண்டு விறைப்பு. வளைத்தால் வளையமாட்டேன் என்றது. "இது நல்லா பழகினவங்களுக்கு. உங்களுக்குத் தண்டு கொஞ்சம் வளைஞ்சு குடுக்கிறதுதான் சுகம்," என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. நரம்பையும் இறுக்கமாகவே கட்டச் சொன்னாள். அவர் ரிஸ்லாவை ஒருமுறை பார்த்துவிட்டு, நரம்புச் சுருளை எடுத்தார்.

முதல் கிழமை பிரமாதமாகப் போனது. கொட்டகைத் தகரம் அதிர அவள் அடித்தாள். வேலி ஓரம் நின்றவர்கள் கைதட்டினார்கள். ரிஸ்லா முணுமுணுக்காமல் முன்னால் போய் நின்றாள். முன்னால் நிற்பது அவளுக்குத் துளியும் ஒத்துவராது. கண்ணாடிக்கு மேல் ஷட்டில் வந்து விழும். ஒரு நாள் கன்னத்தில் பட்டுச் சிவந்தும் போனது. "ஒண்ணுமில்ல, அடிங்க அக்கா," என்று சிரித்தாள். ஓங்கி அடிக்கிற சந்தோஷத்தில் விஜயகலாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

இரண்டாம் கிழமை மணிக்கட்டு பேசத் தொடங்கியது. முதலில் ஒரு குடைச்சல். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினாலே சுரீர் என்றது. அவள் எண்ணெய் தேய்த்துத் துணி சுற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பால் வெட்ட மலைக்குப் போனாள்.

பால் வெட்டுவதற்குப் பலம் தேவையில்லை, மணிக்கட்டுதான் வேண்டும். கத்தி பட்டையை மெல்லிசாகச் சீவிக்கொண்டு போகவேண்டும். உள்ளே மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அது காயம். அந்த இடத்தில் பட்டை முடிச்சு விழுந்து, பிறகு வெட்டவே முடியாமல் போகும். இத்தனை வருஷத்தில் விஜயகலாவின் மரங்களில் காயம் கண்டவர் இல்லை. அந்தக் கிழமை ஒரு மரத்தில் விழுந்தது. மறுநாள் இன்னொன்றில். கத்தி மழுங்கிவிட்டது என்று சொல்லி அதைத் தீட்டோ தீட்டென்று தீட்டினாள். பாவம், கத்தி என்ன செய்யும்?

கன்னையா கங்காணி அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. சுற்றிவரும்போது ஒரு மரத்தருகே நின்று காயத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா கலா, என்னா இது? ஒன் வெட்டுல நான் இப்பிடி பாத்ததே இல்லையே."

"கத்தி வழுக்கிருச்சுங்க."

"வழுக்கிருச்சா? வர்ற கெழம பெரிய தொரை பட்டை பாக்க வர்றாரு. இன்னும் ரெண்டு மரம் இப்பிடி ஆச்சுன்னா ஒன் மரங்கள வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிருவாரு. அப்புறம் ஏங்கிட்ட அழுது பிரயோசனம் இல்ல."

அன்று பின்னேரம் ஆட வந்தபோதும் கங்காணி சொன்னதே அவள் காதில் இருந்தது. மரம் போனால் பிள்ளைகளுக்குச் சோறு போச்சு. ஆடாவிட்டால் ரிஸ்லாவின் இறுதியாட்டம் போச்சு. ரிஸ்லா இருவருக்கும் ஒரே துணியில் ஒரே மாதிரிச் சட்டை தைத்து வைத்திருந்தாள். போட்டி நாளில் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு வருவதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். விஜயகலா பல்லைக் கடித்துக்கொண்டு ராக்கெட்டை ஓங்கினாள். அது கையை விட்டு நழுவி, சிமெந்தில் சறுக்கிக்கொண்டு போனது.

வலையோரம் நின்ற ரிஸ்லா திரும்பிப் பார்த்தாள். நேராக அவளிடம் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். விஜயகலா துடித்துப்போனாள்.

"எத்தன நாளா இப்பிடி ஈக்குது?"

விஜயகலா கையை இழுத்துக்கொண்டாள்.

"மரத்துல கை வைக்க முடியுதா அக்கா?"

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காயப்பட்ட மரங்கள், தொரையின் வருகை, கங்காணி சொன்னது, அரையிறுதியில் கேட்ட அந்தப் பேச்சு, கடையில் சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரிஸ்லா கேட்டுக்கொண்டே தன் பையைத் துழாவினாள். துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். கீழே கிடந்த கருஞ்சிவப்பு ராக்கெட்டைத் தூக்கி, நரம்பை நடுவிலிருந்து சரக் சரக்கென்று வெட்டிவிட்டாள்.

"அனே, ஐயோ ரிஸ்லா! புதுசுங்க!"

"இந்த இறுக்கமும் பாரமும்தான் உங்க கையைத் திங்குது. நாளைக்கும் இத எடுப்பீங்க, எனக்குத் தெரியும். அதுதான் வெட்டினேன்." அவள் மூச்சு வாங்கினாள். "கடையில நீங்க பின்னுக்குன்னு சொன்னப்பவே வெளங்கிச்சு. முன்னுக்கு நின்னு நின்னு அலுத்திருப்பீங்க, ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டுமேன்னு விட்டேன். கையை நான் நெனைக்கல்ல. அது என்ட பிழைதான்."

"அப்ப போட்டி?"

"போட்டியா? நாங்க வரல்லன்னு இப்பவே சொல்றேன்." அவள் போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் எடுத்து, அங்கேயே, சிங்களத்தில், இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டாள்.

அடுத்த நாள் விடிய விஜயகலா கங்காணியிடம் உண்மையைச் சொன்னாள். "ராக்கெட்டாம், ராக்கெட்டு!" என்று கன்னையா மலை கேட்கக் கத்தினார். கத்தி முடித்ததும் அவளுடைய கத்தியை வாங்கிக்கொண்டு போய், அவளுடைய மரங்களில் தானே பால் வெட்டினார். காயங்களுக்கு மருந்து பூசினார். கை சரியாகும் வரை, பால் பிடிக்கிற சிரட்டைகளைக் கழுவும் வேலையை அவளுக்குக் கொடுத்தார். பெரிய தொரை வந்தபோது, "கலாவுக்குக் கையில நோவுங்க தொரை, ரெண்டு கெழமையில திரும்ப வந்துரும்," என்று மரங்களை இவள் பேரிலேயே இருக்க வைத்ததும் அவர்தான். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் அவள் கும்பிட்டாள். "ஹரி ஹரி, சரிம்மா, போய் சிரட்டையக் கழுவு," என்று அவர் விரட்டினார்.

இவர்கள் இடத்தில் வேறு ஜோடி ஆடி, இறுதியாட்டம் நடந்து முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, மழை விட்ட பின்னேரம், ரிஸ்லா அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேலே வந்தாள். விஜயகலாவுக்குத் தைத்ததையும் கொண்டுவந்திருந்தாள். கையில் இரண்டு ராக்கெட். கருஞ்சிவப்புக்குத் தளர்வாகப் புது நரம்பு கட்டியிருந்தாள். அதைத் தன் கையில் வைத்துக்கொண்டு, தான் இதுவரை ஆடிய ராக்கெட்டை விஜயகலாவிடம் நீட்டினாள்.

ரிஸ்லா இத்தனை நாளும் பின்னால் நின்று அடித்தது இந்த லேசான தலையால்தான்; தண்டும் இலேசாக வளைந்து கொடுத்தது. மணிக்கட்டைச் சும்மா அசைத்தாலே போதும். மரத்தைத் தொடாமல் பட்டையைச் சீவுகிற அதே அசைவு. அவள் ஒரு ஷட்டிலைத் தட்டிப் பார்த்தாள். அது வலையின் மேல்நூலைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் சொத்தென்று விழுந்தது. கையில் வலி இல்லை. காலையில் அவள் முதன்முறையாகத் திரும்ப மலைக்குப் போயிருந்தாள். ஒரு மரமும் காயப்படவில்லை. தனக்கு இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இத்தனை நாளும் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டாள்.

"ரிஸ்லா, உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேங்க. உங்களுக்கு வரவேண்டிய கப்பு என்னாலதான் போச்சு."

ரிஸ்லா கோர்ட்டின் பின்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"கப்போடயா நான் நாளைக்கும் நாளன்னைக்கும் விளையாடப் போறேன்? உங்களோடதானே அக்கா. போடுங்க சேர்விஸ்."