நூல் சிக்கிய இடம்

கண்டிக்கு அருகே கடுகண்ணாவையில் பனி விலகுமுன்பே சேதுராமன் முதலாளியின் பட்டறையில் யந்திரம் முனகத் தொடங்கிவிடும். ரயில் பாலத்தின் உத்திரங்களைச் சுமக்கும் தாங்கியை, ரப்பரும் இரும்புத் தகடும் மாறிமாறி அடுக்கிய அந்தக் கனத்த கட்டையை, அது அமுக்கும், விடும், மறுபடி அமுக்கும். இரண்டு இலட்சம் தடவை தாங்கினால்தான் பாலத்துக்குப் போகலாம். எண்ணெய் நெடியில் நின்றே, அதைச் சோதித்துக் கையெழுத்திடும் கத்தரீனாவுக்கு மத்தியானத்துக்குள் இடுப்பு விட்டுப்போகும்.

அமுங்கியிருக்கும்போதுதான் வெடிப்பு வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். அதனால் அழுத்தத்திலேயே விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார்கள். போன மாதம் அப்படித் தடவிய அழகமுத்துவின் இரண்டு விரல்கள் நசுங்கின. முதலாளி தடுப்புக் கம்பி போட்டாரா? "இனி யாரும் தடவக் கூடாது" என்று ஓர் அறிவித்தலை ஒட்டினார். செலவும் மிச்சம், வெடிப்பும் கண்ணில் படாது!

கத்தரீனா சும்மா இருப்பவளா? தையல் நூலை இரு முனையிலும் பிடித்து, கை உள்ளே போகாமல் விளிம்போடு இழுத்துப் பார்ப்பாள். அன்று காலை நூல் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டது. யந்திரத்தின் பிடியை இயக்கும் லூர்துவைப் பார்த்துக் கத்தினாள்.

"லூர்து, அமுக்கினபடியே நிப்பாட்டு!"

யந்திரச் சத்தம் நின்றதும் முதலாளி ஓடிவந்தார்.

"லொறி இப்ப வந்துரும். டெஸ்ட் முடிஞ்சதுன்னு கையெழுத்தப் போடு."

"வெடிச்சிருக்குங்க. இன்னும் நாப்பதாயிரம் தடவ பாக்கியும் இருக்கு."

"எங்க வெடிப்பு? விட்டுட்டுக் காட்டு."

"விட்டா மூடிக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா? இதுக்கு மேலதானுங்க ரயில் ஓடும்."

"போடலேன்னா நாளைக்கு வராத. லூர்து போடுவான்."

வேலை போனால் மஹய்யாவையில் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. கத்தரீனா லூர்துவைத் திரும்பிப் பார்த்தாள். லூர்து பிடியிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டான்.

"நானும் போட மாட்டேங்க."

அமுக்கத்தை விட்டு வெடிப்பை மூட, முதலாளியே பிடியை நோக்கிப் பாய்ந்தார். விரல் போனபின் பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்த அழகமுத்து, விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் குறுக்கே நின்றான்.

"தொடாதீங்க மொதலாளி. எண்ணிக்கை எழுதுற வடிவம்மா தகவல் சொல்ல ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிட்டா. ரயில்வே எஞ்சினியர் வந்து பாக்குற வரைக்கும் இது இப்படியே நிக்கும்."

"பொலிஸக் கூப்புடுவேன்!"

"கூப்புடுங்க. அவங்களும் பாக்கட்டும்."

வாசலில் லொறி ஹோர்ன் அடித்தது. யாரும் அசையவில்லை. கத்தரீனாவுக்குப் பயம் விட்டுவிடவில்லை. வெடிப்பில் சிக்கிய நூல் அவள் விரல்களில் ஆடியது. லூர்து அருகில் வந்து அதன் மறுமுனையை வாங்கிப் பிடித்துக்கொண்டான்.