துப்பட்டா போட்ட சீட்டு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. திருமலை சொன்னது. அஞ்செட்டியிலிருந்து ஓசூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரிக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிப்போகும் பஸ்ஸுக்கு அவன் டிரைவர். டிரைவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுவது என் வழக்கம். இந்த ஒன்றைத் தள்ள முடியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது:

"பனி படர்ந்த அந்தக் காலைப் பொழுதில், லிபியா என்னும் பேதைப் பெண் தன் மலர்ப் பாதங்களை..."

வேண்டாம். காலில் ரப்பர் செருப்பு. பேதையும் இல்லை. நான் ஐந்தாவதோடு நின்றவன் என்று நீ கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று அப்படி எழுதிவிட்டேன்.

2

லிபியாவின் அப்பா அருள்ஜோசப்புக்குக் காட்டோரத்தில் ராகி வயல். கதிர் முற்றினால் யானை வரும். அதனால் விடிய விடிய வரப்போரம் நெருப்பு எரியும். வீட்டில் விறகடுப்பு. என்ன குளித்தாலும் தலைமுடியில் புகை ஏறிவிடும்.

பஸ்ஸில் அவள் கால் வைத்ததும் ரேவதி சொல்வாள். அஞ்செட்டியிலேயே ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறவள். வேலையில் லிபியாவுக்கு மூத்தவள்.

"பொக வந்துடுச்சு, ஜன்னலைத் தெறங்கடி."

பஸ் முழுக்கச் சிரிக்கும். லிபியா என்ற பேர் போய்ப் 'பொக' ஆயிற்று.

சிரிப்போடு விடவில்லை. காலி சீட்டில் எல்லாம் துப்பட்டா விழும். "கோட்டைல ஏறுறவங்களுக்கு" என்பார்கள். தேன்கனிக்கோட்டை வரும், ஏறுகிறவர்கள் ஏறுவார்கள், அப்புறமும் ஏதாவது ஒரு சீட்டில் துப்பட்டா மட்டும் உட்கார்ந்து வரும். லிபியா ஃபேக்டரி வரைக்கும் நின்று போவாள்.

(ரேவதியைக் கெட்டவளாக எழுதத்தான் பார்த்தேன். திருமலை தடுத்துவிட்டான். "அது நல்ல புள்ளண்ணா. பஸ்ல எவளுக்காச்சும் வாந்தி வந்தா ஓடிப்போய்த் தலையப் புடிச்சுக்கறது அதுதான்." எனக்கு எரிச்சல். கெட்டவள் என்றால் எழுத்து தானாக ஓடும். நல்ல பிள்ளை இதைச் செய்கிறாள் என்றால் எங்கே கொண்டுபோய் வைப்பது?)

நிற்பதால் கால்தானே வலிக்கும் என்று நீ நினைக்கலாம். நானும் நினைத்தேன். லிபியா துணி சோப்பை வைத்துக் கழுத்தைத் தேய்த்தாள். தோல் உரிந்து புண்ணாயிற்று. அதன் மேலேயே மறுபடி தேய்த்தாள். குளிர் நாளில் அம்மா மேரிராணி அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள்.

"அடுப்பாண்ட வந்து குந்துடி, வெறைக்குது."

"வேணாம்மா."

வாசலில் குளிரில் தனியாக உட்கார்ந்துகொள்வாள். அம்மாவின் சேலையிலும் புகைதானே. யாரும் பார்க்காதபோது தோளை மூக்கருகே தூக்கி, சட்டைக் கையை மோந்து பார்ப்பாள். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட ஆகிவிட்டது.

(இந்த மோந்து பார்ப்பதை நினைவில் வைத்துக்கொள்.)

3

இங்கே வந்து கதை நின்றுவிட்டது. திருமலை யோசனை சொன்னான்.

"ஒரு ஆனைய விடுங்கண்ணா. நம்ம ரோட்ல ஆனைக்கா பஞ்சம்?"

விட்டேன். வளைவில் ஒற்றைக் கொம்பன் நிற்கிறது. பஸ்ஸே நடுங்குகிறது. காட்டோரத்துப் பெண் லிபியா, "லைட்டை அணைங்க, சத்தம் போடாதீங்க" என்கிறாள். யானை ஒதுங்குகிறது. ரேவதி கண்கலங்கி, துப்பட்டாவை எடுத்து...

படித்துப் பார்த்தேன். எனக்கே கோபம் வந்தது. ஒரு பெண் உட்கார்ந்து வருவதற்கு யானை வரவேண்டுமா? இத்தனை உயிரைக் காப்பாற்றினால்தான் ஒரு சீட்டா? யானையைக் காட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

நடந்ததையே எழுதுகிறேன்.

4

ஒரு நாள் லிபியாவுக்கு அடுத்த ஸ்டாப்பில் ஒரு புதுப் பெண் ஏறினாள். பேர் தெரியும், எழுதமாட்டேன். அந்த பஸ்ஸில் முதலில் யாராவது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். அவள் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள்.

ரேவதி மூக்கைப் பிடித்தாள். "அய்ய, பட்டியே ஏறுதுடி."

சிரிப்பு. பிறகு ரேவதி திரும்பி, தனக்குப் பின்னாலிருந்த இரண்டு பேர் சீட்டைத் தட்டினாள். குஷி வந்தால் அவளுக்குக் கன்னடம் வரும்; வா, உட்கார் என்பதைக்கூட அதில்தான் சொல்வாள்.

"லிபி, பாரே. இங்க கூத்கோ."

பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சீட்டில் கிடந்த துப்பட்டாவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"பக்கத்துல போட்டுக்கோ. ஆடு வந்து மேஞ்சிடப் போவுது."

லிபியா உட்கார்ந்தாள். உட்காருவது எவ்வளவு சுகம் என்று இந்த இடத்தில் ஒரு பாரா வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். நின்று வந்தவர்களுக்குத் தெரியும். துப்பட்டா மடியில் இருந்தது. பக்கத்தில் போட வேண்டியதுதான் பாக்கி.

புதுப் பெண் கம்பியைப் பிடித்தபடி முகம் துடைப்பதுபோல் தோளைத் தூக்கினாள். சட்டைக் கையை மோந்து பார்த்தாள்.

லிபியா எழுந்துவிட்டாள். துப்பட்டாவை சீட்டிலேயே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அந்தக் கம்பி ஆடும். சீட்டு முதுகப் புடிச்சுக்கோ. அடுத்தது பெரிய வளைவு."

"என்னாடி, சீட்டு முள்ளு குத்துதா?" என்றாள் ரேவதி.

"இல்லக்கா. நின்னே பழகிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை என்கிறான் திருமலை.

5

நான் நம்பவில்லை. லீவு நாளில் லிபியாவும் அம்மாவும் கோட்டைக்கு வருவார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ் ஸ்டாண்டில் போய்ப் பிடித்தேன்.

"கெடைச்ச சீட்ட ஏம்மா விட்ட?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"அந்தப் புள்ள மோந்து பாத்துச்சு தாத்தா."

அவ்வளவுதான். கழுத்தில் தழும்பு தெரிந்தது. அம்மாவின் தோளோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். வயலில் யானையை எதிரெதிரே பார்த்தவன் நான். அன்றைக்கு உடம்பில் ஓடிய அதே நடுக்கம், கடலை வண்டிப் பக்கத்தில் நின்றபடி மறுபடியும் ஓடியது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டால் பயந்துவிடுவாள் என்று சும்மா இருந்தேன். இத்தனை வயசுக்கு நான் யாரையும் நம்பியதில்லை. இவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

முடிவு எழுதவேண்டும். ரேவதி திருந்தினாள் என்று எழுதலாம். புதுப் பெண்ணும் நாலு மாதத்தில் இன்னொருத்தியை நிற்க வைத்தாள் என்றும் எழுதலாம். இரண்டும் என்னால் முடியும். இரண்டையும் எழுதமாட்டேன்.

பஸ் இப்போது பெரிய வளைவைத் தாண்டிவிட்டது. இரண்டு பேர் நிற்கிறார்கள். இரண்டு பேர் சீட்டு காலியாக இருக்கிறது, மேலே ஒரு துப்பட்டா. பிரேக் போட்டுக் கதவைத் திறக்கிறான் திருமலை. கோட்டை.

இங்கே ஏறுவது நீதான். அந்த சீட்டை உனக்காகத்தான் பிடித்து வைத்திருக்கிறார்களாம்.