அஞ்சு மரம் நீளம், நாலு மரம் அகலம்

மலேசியாவுல குளுவாங் பக்கத்துல ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை. அங்க பதினோரு வருஷமா தெனுக்கைப் பார்த்துக்கிறவ கஸ்தூரி. தெனுக், அதான் டேப்பிர், பார்த்திருப்பீங்க, தொங்கு மூக்கு, கறுப்பு உடம்புக்கு நடுவுல வெள்ளைத் துண்டு போர்த்துன மாதிரி இருக்கும். தண்ணிக்குள்ள முழுகிக் கிடந்தாத்தான் அதுக்கு உசுரு. இவ பார்த்துக்கிட்டதுக்குப் பேரு மெலூர். மெலூரோட இடத்துல பாதியை எடுத்து, முயலைத் தூக்கி வச்சுப் படம் புடிச்சுக்கிற மேடை கட்டணும்னு மேனேஜர் செல்லப்பனுக்கு மூணு வருஷமா ஆசை. கஸ்தூரி குறுக்க நின்னு தடுத்துக்கிட்டே இருந்தா.

அவ தம்பி தீபனுக்கு சிங்கப்பூர்ல வேலை, கேம் செய்யுற கம்பெனில. போன வருஷம் வந்து உட்கார்ந்தான். "அக்கா, நாங்க ஒரு கேம் செய்யுறோம். வெளையாடுறவங்களே மிருகக்காட்சி சாலை கட்டணும். இந்த மாதிரி கேம்ல எல்லாம் கணக்கு கன்னாபின்னான்னு இருக்கும். ஒத்த ஆமைக்கு மாளிகை மாதிரி கொட்டகை கேட்கும், யானைக்கு ஃபுட்சல் கோர்ட் போதும்னு சொல்லும். நாங்க உண்மையா செய்யப் போறோம். நீ சொல்லு."

ஆமைக்கு மாளிகையான்னு கஸ்தூரி வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. ஆனா சொன்னா. ஆறு ஞாயித்துக்கிழமை, வெயில்ல நின்னு, ஒண்ணு விடாம சொன்னா. தெனுக்குக்குக் கொட்டகை பெருசா வேணாம், இருட்டா ஒரு மூலை இருந்தா தூங்கிடும். குளம்தான் முக்கியம், அது முதுகு மறையுற ஆழம் வேணும். நிலம், அஞ்சு மரம் நீளம், நாலு மரம் அகலம்.

எஸ்டேட்ல பொறந்தவங்க தூரத்தை மரத்துலதான் எண்ணுவாங்க. அக்காவும் தம்பியும் சிம்பாங் ரெங்கம் பக்கத்துல செம்பனைத் தோட்டத்துல, அதான் எண்ணெய்ப் பனைத் தோட்டத்துல, வளர்ந்தவங்க. செம்பனைன்னா மரத்துக்கு மரம் முப்பது அடி. அதை அவனுக்கு வெளக்க வேண்டிய அவசியமே இல்ல, தலையாட்டி எழுதிக்கிட்டான். மெலூர் இருந்த இடமும் சரியா அவ்வளவுதான். "இது வெளிய வரட்டும்டா, செல்லப்பன் வாயை அடைச்சிடலாம்"னு அவன்கிட்டயே சொன்னா. "கண்டிப்பா லா"ன்னான் அவனும்.

கேம் வந்துச்சு. ஒரு சனிக்கிழமை காலைல செல்லப்பனே டேப்லட்டோட தேடிக்கிட்டு வந்தாரு. "கஸ்தூரி, என் மக வெளையாடுறா. கடைசில பேரெல்லாம் ஓடுது பாரு, உன் பேரு."

விலங்கு ஆலோசகர், கஸ்தூரி ஐயாசாமி, பதினோரு வருட அனுபவம். அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்பா இருந்திருந்தா ஊரெல்லாம் காட்டியிருப்பாருன்னு நெனச்சா.

செல்லப்பன் விரலால தள்ளி, தெனுக் பக்கத்தைக் காட்டினாரு. கொட்டகை கல்யாண மண்டபம் கணக்கா நின்னுச்சு. குளம்னு இருந்தது புள்ளைங்களைக் குளிப்பாட்டுற தொட்டி. நிலம் அம்பது அடிக்கு நாப்பது அடி, அதுல நின்ன தெனுக் சிரிச்ச மூஞ்சியோட பச்சை இதயம் பறக்க விட்டுக்கிட்டு இருந்துச்சு.

"நம்ம மெலூருக்கு இதைப்போல ஒம்போது மடங்கு இருக்கு. பாதியை வெட்டினாலும் உன் கணக்குப்படி தாராளம். மொதலாளிகிட்ட காட்டிட்டேன், சரின்னுட்டாரு. திங்கக்கெழம வேலி போட ஆள் வருது."

"குளம் அந்தப் பாதியில இருக்கு பாஸ்."

"தொட்டி போதும்னு நீதானே சொல்லியிருக்கே?"

கஸ்தூரி தீவனக் கொட்டகைக்குப் பின்னால போய் நின்னு தம்பிக்குப் போன் அடிச்சு, நிலம் எப்படிடா அம்பது அடியாச்சுன்னு கேட்டா.

"அக்கா, நீ மரக் கணக்குல சொன்னியா, நான் ரப்பர் மரம்னு நெனச்சுட்டேன். அது பத்தடிதானே. தப்பாயிடுச்சு."

ஒரு நிமிஷம் நம்பிட்டா. தன் ரத்தம்னா நம்பத்தானே தோணும். அப்புறம்தான் உறைச்சுது.

"தீபா, நீ பொறக்கறதுக்கு முன்னயே நம்ம எஸ்டேட்ல ரப்பரை வேரோட தோண்டிட்டாங்க. ரப்பர் மரத்தை நீ எங்கடா எண்ணுன?"

அவன் ரப்பர் பேச்சை அதோட விட்டுட்டான்.

"டெஸ்ட் பண்ணவங்க புகார் சொன்னாங்கக்கா. நிலம் பெருசா இருந்தா மேப் ரொம்பிடுதாம். கட்டடம் கட்டத்தான் அவங்களுக்குப் பிடிக்குது. அதான் நிலத்தைக் கொறச்சு, கொட்டகையைப் பெருசாக்கியாச்சு."

"ஆக்கியாச்சுன்னா, யாரு ஆக்குனது?"

"தெனுக் என் பொறுப்பு."

"அப்புறம் என் பேரு எதுக்கு?"

"நெசமான ஆளு பேரு இருந்தா நம்புவாங்கக்கா."

கூடப் பொறந்தவன், நம்ப வச்சுக் கழுத்தை அறுத்துட்டு, எதுக்கு அறுத்தேன்னு காரணமும் சொல்லுறான்.  ஆனாலும் கஸ்தூரி குரலை ஒசத்தல, இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்துச்சு.

"சரி. ஒரு நாலு வரி எழுதிக் கொடு. அக்கா சொன்ன அளவு இது இல்ல, நான்தான் மாத்துனேன்னு. திங்கக்கெழம காலைக்குள்ள வந்தா போதும், வேலியை நிறுத்திடுவேன்."

"கம்பெனி விஷயத்தை வெளிய எழுதுனா வேலை போயிடும்க்கா. இது வெறும் கேம்தானே."

"உனக்குக் கேம்டா. இங்க அது மூச்சு விட்டுக்கிட்டு நிக்குது."

"பார்க்கிறேன்"னான். திங்கக்கெழம மத்தியானம் வரைக்கும் போனைக் கையிலயே வச்சிருந்தா. ஒண்ணும் வரல. வேலிக் கம்பத்துக்கு சிமெண்டு ஊத்தி முடிச்சாங்க.

அந்த வாரக் கடைசிக்குள்ள மெலூரோட முதுகுத் தோல் வெடிக்க ஆரம்பிச்சிடுச்சு. பகல் பூரா வேலி ஓரமே நிக்கும், தண்ணி வாசனை அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றதால மூக்கைக் கம்பிக்குள்ள விட்டு விட்டு எடுக்கும். கஸ்தூரி மணிக்கொரு தடவை ரப்பர் குழாயைப் புடிச்சு அது மேல தண்ணி பீச்சினா. வேற என்ன செய்வா?

ஞாயித்துக்கிழமை ஒரு குடும்பம் வந்துச்சு. செல்லப்பன் வேலியில பெருசா ஒரு பலகை மாட்டியிருந்தாரு. அந்த வீட்டு அம்மா அதை ஒவ்வொரு எழுத்தா வாசிச்சாங்க. இந்த இட அளவு, விலங்கு நிபுணர் கஸ்தூரி ஐயாசாமியின் பரிந்துரைப்படி.

அவங்க மெலூரைப் பார்த்தாங்க, தோல் வெடிப்பைப் பார்த்தாங்க.

"யாரு அந்தப் பொம்பளை? அவளைக் கொண்டாந்து இதுக்குள்ள அடைச்சு வைக்கணும். பாவம், இந்தப் பொண்ணு குழாயோட அல்லாடுது."

கஸ்தூரி திரும்பல. தண்ணியைக் காதுக்குள்ள போகாம மெலூரோட கழுத்துப் பக்கம் காட்டிக்கிட்டே, அவங்க சொன்னது சரின்னு தலையாட்டினா.