வாய்க்கட்டு

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து கிடந்தேன். கால்கள் வேனுக்கு வெளியே. மூக்கு நுனியில் ஒரு கொத்து ஒயர். இருபத்தெட்டு வருடமாக வண்டிகளுக்கு எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். இந்த வயதில் மனுஷன் படுத்தால் தூங்குவதற்குத்தான் படுக்க வேண்டும்.

மருந்துக் கம்பெனி வேன் அது. ஓட்டுகிறவர் என் தங்கை வீட்டுக்காரர். மூன்று நாளைக்கு முன்னால், பட்டப்பகலில், ஒரு கிளினிக் வாசலில் நிறுத்திவிட்டு மூன்றாவது மாடிக்குப் பெட்டி தூக்கிப் போயிருக்கிறார். இறங்கி வந்து பார்த்தால் பின்கதவு நெம்பிக் கிடக்கிறது. பதினோரு பெட்டியைக் காணோம். அலாரம் கத்தவே இல்லை. ஒன்று இவர் அலாரத்தைப் போடாமல் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் திருடனுக்குக் கூட்டாளி என்று கம்பெனியில் பேச்சு. நான் பார்த்துச் சொல்லும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். பதினேழு வருடம் ஓட்டிய மனுஷன்.

தங்கை காலையிலிருந்து நாலாவது தடவையாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஏதாவது தெரிஞ்சுதா?"

"படுத்திருக்கேம்மா. எழுந்ததும் சொல்றேன்."

"தூங்குறியா?"

"ஆமா, ஒயரைப் போர்த்திக்கிட்டு."

அவள் சிரிக்கவில்லை. "மூணு நாளா அவரு யார் முகத்தையும் பாக்க மாட்டேங்கிறாரு. திருடன்னு சொல்லிட்டாங்கண்ணே" என்றாள். போனை வைத்துவிட்டு மறுபடியும் ஒயருக்குள் தலையை விட்டேன்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டுப் பார்த்தேன். கதவு சுவிட்சுகள் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தேன். அலாரத்தின் பெட்டிக்குக் கரண்ட் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

அதற்குள் கம்பெனி மேலாளர் வந்து சேர்ந்தார். பட்டறையில் அவருக்கு 'ரிப்போர்ட்' என்று பேர். ஒரு பல்பு மாற்றினாலும் எழுத்தில் கேட்பார். பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்து சுவரோரம் நின்றார். சவரம் செய்யாத முகம்.

"என்னங்க, முடிஞ்சுதா?" என்றார் ரிப்போர்ட்.

"இப்ப பாருங்க சார்."

உள்ளே உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினேன். கதவுகள் பூட்டிக்கொண்டன, இண்டிகேட்டர் இரண்டு தடவை மின்னியது. அரை நிமிடம் கழித்துக் கதவை உள்ளேயிருந்து திறந்தேன். நாலு மூலை இண்டிகேட்டரும் படபடவென்று மின்னின. சத்தம் மட்டும் இல்லை. திருடன் வந்தது வண்டிக்குத் தெரிகிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை.

அப்படியென்றால் கோளாறு சைரனில். அது பானெட்டுக்குள்ளே, பேட்டரிக்குப் பின்னால், கை நுழையாத பொந்தில் இருக்கும். பானெட்டைத் தூக்கினேன். ரிப்போர்ட் எனக்கு முன்னால் போன் டார்ச்சை அடித்து எட்டிப் பார்த்தார்.

"இது கழண்டு கிடக்குதே!"

சைரனுக்குப் போகும் ஒயர், பிளக்கோடு தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கி வைத்த பிளக் அது. தானாகக் கழலாது. அதன் வாயில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி கால் அங்குலம் மடிக்கப்பட்டு நாக்குப் போல நீட்டிக்கொண்டிருந்தது.

பட்டறையில் இதற்கு வாய்க்கட்டு என்று பேர். சைரன் பக்கத்தில் கை வைப்பதற்கு முன்னால் அதன் பிளக்கைக் கழற்றி டேப் சுற்றிவிடுவோம். இல்லாவிட்டால் ஒயரைத் தொட்டதும் காதுக்குள்ளேயே அலறும். வேலை முடிந்ததும் அவிழ்த்து மாட்டிவிட வேண்டும். நுனியை நாக்கு மடிப்பது என் வழக்கம், பிரிக்க நகம் தேட வேண்டாமே என்று. வேறு யாரும் அப்படி மடித்து நான் பார்த்ததில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் இந்த வேனுக்கு ஹாரன் ஒயர் மாற்றினேன். கட்டினேன், அவிழ்க்க மறந்துவிட்டேன்.

"பிளான் பண்ணிக் கழட்டி வச்சிருக்காரு பாருங்க" என்றார் ரிப்போர்ட். "டிரைவர் கழட்டினதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்."

மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் அந்த மஞ்சள் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். அவர் வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒயரில் இதே நாக்கு இருக்கிறது, நான் ஒட்டியதுதான். ஆனால் வாய் திறக்கவில்லை. கம்பெனியின் இருபத்தாறு வண்டியும் என் பட்டறைக்குத்தான் வருகின்றன என்பதும் அவருக்குத் தெரியும்.

டேப்பை உருவிப் பைக்குள் போட்டுக்கொள்ள ஒரு நொடி போதும். பொய் சொல்ல மாட்டேன், அந்த நொடியில் என் கை அதைத் தொட்டுவிட்டது.

"அவரு கழட்டல சார்" என்றேன். "நான்தான் கழட்டினேன்."

"என்னது?"

"ஹாரன் வேலைக்காகக் கழட்டினேன். மாட்ட மறந்துட்டேன். இது என் டேப். அவரு அலாரம் போட்டுட்டுத்தான் போயிருக்காரு. தப்பு என்னோடது."

ரிப்போர்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையிடம், "நாளைக்கு வந்துடுங்க" என்றார். என்னிடம், "இனிமே எங்க வண்டி இங்க வராது" என்றார். நியாயம்தான். எனக்கு அழுகைகூட வரவில்லை, அப்படி ஒரு அசதி.

அவர் போனதும் டேப்பைப் பிரித்துப் பிளக்கை மாட்டினேன். சட்டென்று கொக்கி விழுந்தது. ஐந்து மாத வேலை பாக்கி, அரை நிமிடம்கூட ஆகவில்லை. பானெட்டை மூடினேன்.

மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்து அமுக்கினார். இண்டிகேட்டர் மின்னியது. கூடவே சைரனிலிருந்து 'கீச்' என்று சின்னதாக ஒரு சத்தம்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், ஹாரன் வேலை முடிந்த மறுநாள், இவர் எனக்குப் போன் செய்திருந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பூட்டும்போது என்னவோ சத்தம் வரவில்லை என்றார். லைட் மின்னுதா, மின்னுது, அப்ப போதும் போங்க மாப்பிள்ளை என்று வைத்துவிட்டேன். அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் திறந்து, மறுபடியும் பூட்டினார். கீச்.

"இந்தச் சத்தம்தான் மச்சான்" என்றார். "அன்னைக்கு இதைத்தான் கேட்டேன்."