உன் கையால் ஒரு சாண்

அந்தச் சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு என் தங்கை அச்சகத்துக்குப் போன் செய்தாள். நான் அங்கே பிழை திருத்துகிறவன். மேஜையில் ஒரு வங்கியின் ஆண்டறிக்கை விரிந்திருந்தது. மதியத்துக்குள் முடிக்க வேண்டியது. எரிச்சலோடுதான் எடுத்தேன்.

"அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். நீ அடிச்சத நான் திரும்பப் போட்டுக்கட்டுமா?"

"எத?"

"'உன் கையால்'ங்கறத. எல்லா எடத்துலயும் அடிச்சிட்ட. இப்ப வெறும் சாண்னு நிக்குது."

"ஒரு புத்தகத்துல இருபத்து மூணு தடவ உன் கையால், உன் கையால்னு வந்தா படிக்கிறவனுக்குக் கொட்டாவி வரும். கையால அளக்காம சாணக் காலாலயா அளப்பான்?"

அவள் சிரித்தாள். பின்னால் யாரோ பசை காய்ச்சும் சட்டியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். "சரிண்ணா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். வாண்டு, கைய எடுடி, சுடும்" என்று எனக்கும் மகளுக்குமாக இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மூன்று மணிக்குத் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் தொட்டியோரமாகச் சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். முப்பத்து நான்கு வயது. ஆண்டறிக்கை குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தது.

அவள் எழுதியது குழந்தைகள் வீட்டில் கிடைப்பதை வைத்துத் தாங்களே செய்து பார்க்கிற நாற்பது வேலைகளைப் பற்றிய புத்தகம். தீப்பெட்டியில் ரயில், முட்டை அட்டையில் ஆமை, பழைய நாட்காட்டித் தாளில், கையில் மாட்டினால் வாய் திறக்கும் தவளை. கத்தரிக்கோலும் மாவுப் பசையும் தவிரக் கடையில் வாங்க எதுவும் இருக்கக் கூடாது. அளவுகோல்கூட வேண்டாம். அவள் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. நீளத்துக்குச் சாண், அகலத்துக்கு விரல், செய்கிற குழந்தையின் கையே அளவு. ஐந்து வயதுக்காரன் செய்தால் ஐந்து வயதுத் தவளை வரும், பத்து வயதுக்காரி செய்தால் பத்து வயதுத் தவளை வரும். எந்தத் தவளையும் செய்தவர் கைக்குப் பொருந்தாமல் போகாது.

சனிக்கிழமைகளில் அந்தக் குடியிருப்பின் ஏழெட்டுப் பிள்ளைகளை முன்னறையில் உட்கார வைத்து, எழுதியதை வாசித்துக் காட்டுவாள். வாசிப்பதோடு சரி. உதவி செய்யக் கை துறுதுறுக்கும் என்று தன் துப்பட்டாவாலேயே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிவிடச் சொல்வாள். கட்டுகிற உரிமைக்குப் பிள்ளைகளிடம் அடிதடி நடக்கும். ஒரு பிள்ளை தடுமாறினாலும் குற்றம் பிள்ளையுடையது இல்லை, வாக்கியத்துடையது என்று அன்று மாலையே அந்தப் பத்தியை மாற்றி எழுதுவாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கைகட்டி டீச்சர்.

அவள் கணவர் வைத்த பெயர் காயலாங்கடை. "நம்ம காயலாங்கடை இன்னைக்கு என்ன பொறுக்கிட்டு வந்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். அவர் ஏற்றுமதித் துணி கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். நூறு மடிப்புத் துணியை அடுக்கி ஒரே ஓட்டத்தில் வெட்டுகிறவர். கத்தி ஒரு நூல், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, விலகினால் நூறு சட்டை பாழ். அதனால் அவருக்கு உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான் உண்டு, அளந்து செய்கிறவர்கள், குத்துமதிப்பாகச் செய்கிறவர்கள். என் தங்கையையும் என்னையும் இரண்டாவது வகையில் போட்டிருந்தார். நானும் அவரை ஒரு வகையில் போட்டிருந்தேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

அவள் போன பிறகு அச்சகத்துக்கு வந்து சேர்ந்த பிரதி ஒன்றே கால் வருடம் கிடந்தது. எங்கள் அச்சக முதலாளியே பதிப்பாளரும். அவர்தான் ஒரு நாள் தூசி தட்டி எடுத்து, அச்சுக் கோத்து, கையெழுத்துப் பிரதியோடு சேர்த்து அவள் கணவருக்குப் பார்வைக்கு அனுப்பினார். பத்தாம் நாள் தாள்கள் மட்டும் திரும்பி வந்தன. பிரித்துப் பார்த்தபோது என் காது சூடானது. 'ஒரு சாண்' என்றிருந்த இடமெல்லாம் நீலப் பென்சிலால் அடிக்கப்பட்டு 'ஐந்தேகால் இஞ்ச்' என்று எழுதப்பட்டிருந்தது. ஒன்றரைச் சாணுக்கு ஏழே முக்கால் இஞ்ச் ஒரு நூல். தையற்காரர்களுக்கே உரிய சாய்ந்த எழுத்து, ஒரு இடத்தில்கூடத் தடுமாற்றமில்லை. அவளுடைய புத்தகத்தை அவர் நூறு மடிப்பாக அடுக்கி வெட்டிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

என் மனம் இன்னொன்றையும் சொல்லத்தான் செய்தது. 'உன் கையால்' என்று இருந்திருந்தால் எந்தக் கட்டிங் மாஸ்டருக்கும் அங்கே டேப்பை வைக்கத் தோன்றியிருக்காது. அந்த நினைப்பை நான் உட்கார விடவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து நீலத்தையெல்லாம் அடித்தேன். இருபத்து மூன்று இடத்திலும் 'உன் கையால்' என்று சேர்த்துச் சாணையே திரும்ப எழுதி, யாரிடமும் சொல்லாமல் திருத்தத்துக்குக் கொடுத்துவிட்டேன். எப்படியோ அது அவள் கணவர் காதுக்குப் போயிற்று. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க. திங்கக்கெழம மெஷின் ஏறணும். இல்லேன்னா கட்டுக் கட்டிப் பரண்ல போட்டுருவேன், அங்கயே கெடக்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை கணவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே, "வாங்க மச்சான். செவப்பு மை தீந்துபோச்சா, வாங்க வந்தீங்களா?" என்றார். முன்னறையில் சனிக்கிழமைப் பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. பசை சொட்டிக் காய்ந்த வட்டங்கள் தரையில் அப்படியே இருந்தன, சுரண்டி எடுக்க முயன்ற தடமும் சில இடங்களில் இருந்தது. வாண்டு ஜன்னலோரம் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு வயதாகப் போகிறது. கால் நீண்டிருந்தது.

"மாப்பிள்ளை, அது உங்க புத்தகம் இல்ல" என்றேன்.

"ஒங்க புத்தகமா?"

"அவ புத்தகம். சாண்னு எழுதினா சாண்னுதான் இருக்கணும்."

"அளவு இல்லாத புத்தகத்த எவன் தொடுவான்? ஒவ்வொருத்தன் கை ஒவ்வொரு மாதிரி. படிச்சவர்தான நீங்க?"

"ஒவ்வொருத்தன் கையும் ஒவ்வொரு மாதிரிங்கறதுனாலதான் அப்படி எழுதினா. எறும்பும் தன் கையால் எண் சாண்னு கேள்விப்பட்டதே இல்லையா?"

"நான் எறும்புக்குச் சட்ட தைக்கிறதில்ல மச்சான்."

வாண்டு களுக்கென்று சிரித்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு எதிராகப் போட்ட ஓட்டு மாதிரி உறைத்தது. "சரி, பாத்துருவோம்" என்றேன். "ஒங்க இஞ்ச் கணக்குலயே இவ தவளையச் செய்யட்டும். நீங்களும் கைய வெக்கக் கூடாது, நானும் வெக்க மாட்டேன்."

அவர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி மகளிடம் கொடுத்தார். அவர் அளவைச் சொல்ல, அவள் நாட்காட்டித் தாளில் புள்ளி வைத்து வெட்டினாள். ஏழே முக்கால் இஞ்ச் ஒரு நூல். சுருட்டினாள், ஒரு விரல் அகலத்துக்குப் பசை தடவி ஒட்டினாள், வாயை மடித்தாள், கண் வரைந்தாள். மின்விசிறிக் காற்றில் காயட்டும் என்று தவளையைப் பாட்டிலில் மாட்டி வைத்துவிட்டு மறுபடி பாடம் எழுதப் போனாள். நானும் அவரும் அரை மணி நேரம் ஒரு காகிதத் தவளைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தோம். அவர் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காய்ந்ததும் கையை நுழைத்தாள். விரல்கள் போயின. கட்டைவிரல் மூட்டில் சிக்கியது. கொஞ்சம் அழுத்தினாள். ஒட்டிய இடம் தாங்கிக்கொண்டது, பக்கத்தில் தாள் நீளமாகக் கிழிந்தது. கிழிந்த தவளையை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது யாரோ சின்னப் பாப்பாவோட தவள."

நான் சிரித்தேன். சத்தமாக, தேவைக்கு மேல். "பாத்தீங்களா மாப்பிள்ளை? நூறு சட்டையும் பாழ்" என்றேன். அந்த வீட்டில் ஒரு சாவுக்குப் பிறகு அப்படிச் சிரித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார், ஏற்கெனவே ஒரு பக்கத்தில் மடித்திருந்தது. அவளுடைய உருண்டை எழுத்து. 'உன் கையால் ஒரு சாண்.' முதல் இரண்டு சொற்களின் மேல் சிவப்புக் கோடு. கோட்டின் முடிவில் நான் எப்போதும் போடும் சுழி.

"இது யாரு கோடு?"

நான் அந்தச் சுழியைக் கட்டைவிரலால் மூடினேன்.

"நானும் எறும்பு கத கேட்டவன்தான். இந்தக் கோட்டப் பாத்தப்புறம் அவ எழுதினதா, நீங்க அடிச்சதா, எது சரின்னு எனக்குத் தெரியல. அண்ணன் அடிச்சா காரணம் இருக்கும்னு அவதான் சொல்லிட்டே இருப்பா. நீங்க அடிச்சீங்க, நான் அளந்தேன். சிரிங்க, இப்ப சிரிங்க."

"எந்தக் கைய அளந்தீங்க?" என்று மட்டும்தான் கேட்க வந்தது.

அவர் பிரதியின் முதல் தாளைத் திருப்பினார். அவள் எனக்குத் திருத்த அனுப்பிய பக்கங்களில் அது இல்லை, வீட்டிலேயே தங்கியிருக்க வேண்டும். பென்சிலால் வரைந்த ஒரு கை, விரல்கள் அகல விரித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு கோடு. வரையும்போது உள்ளே இருந்த கை கூச்சப்பட்டிருக்க வேண்டும், மோதிர விரலின் பக்கம் கோடு நெளிந்து போயிருந்தது. கீழே தேதி, வாண்டுவின் ஆறாவது பிறந்த நாள்.

"வேற யாரு கைய அளக்கச் சொல்றீங்க?" என்றார். குரல் இன்னும் சண்டைக் குரலாகவே இருந்தது. "அவ பாத்த கை இதுதான். இதுக்கப்புறம் வளந்தத அவ பாக்கல."

வாண்டு எழுந்து வந்து தன் கையை அந்தப் படத்தின் மேல் வைக்கப் போனாள். "தொடாத" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதட்டினோம். அவள் கையை இழுத்துக்கொண்டு, "எனக்கு வேணாம் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தத் தாளை உருவி என்னிடம் நீட்டியபடி அவர் சொன்னார். "சாணே போட்டுக்கங்க. ஒங்க இஷ்டம். ஆனா இந்தக் கை புத்தகத்துல வரணும். இதே அளவுல. சின்னதாக்கக் கூடாது, பெருசாக்கக் கூடாது. ஒரு நூல் கொறஞ்சாலும் அச்சகத்துக்கு வந்து ஒங்க சட்டையப் பிடிப்பேன்."

"பிடிங்க" என்றேன். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பக்கம் அமைக்கிற பெண், கை ஓரத்தைத் தாண்டுகிறது, பத்து சதவீதம் சுருக்கினால் அழகாக உட்காரும் என்றாள். நான் போட்ட சத்தத்தில் மெஷின் ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்தார். முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓரமும் இல்லை, பக்க எண்ணும் இல்லை. இருபத்து மூன்று இடத்திலும் 'உன் கையால்' இருக்கிறது. படிக்கிறவருக்குக் கொட்டாவி வரலாம்.

முதல் பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசலிலேயே வாங்கி, அட்டையைக்கூடப் பார்க்காமல் கைப் பக்கத்தைத் திறந்து டேப்பை வைத்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்று வரை என்னோடு பேச்சு இல்லை. வாண்டு எப்போதாவது அச்சகத்துக்கு வருவாள், என் தோள் வரை வந்துவிட்டாள், அவளுக்கு இந்த மாதிரி வேலைகளில் இப்போது நாட்டம் இல்லை. சென்ற மாதம் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. தாள் மாறியிருக்கிறது, அட்டை மாறியிருக்கிறது, விலையும் மாறியிருக்கிறது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அந்தக் கையை அளந்து பார்த்தேன். ஐந்தேகால் இஞ்ச்.