நாய்கள் உட்கார்ந்த இடங்கள்

அமிர்தராஜ் இறந்த பன்னிரண்டாம் நாள் காலையில், அவர் மகள் அஷ்லின் முதன்முதலாக நாய்களைக் காட்டுக்குக் கூட்டிப்போனாள். அதுவரை இரண்டும் வேப்பமரத்தடியில் கட்டிக் கிடந்தன. சோற்றை முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன.

"அவுக தெனமும் ஆறு மணிக்கெல்லாம் கூட்டிட்டுக் கெளம்பிருவாக. மூணு கிலோமீட்டரு. நீயும் கொஞ்சம் நடத்திட்டு வா பிள்ள," என்றாள் அம்மா ஞானப்பூ.

காடு என்றால் பெரிய காடில்லை. திருச்சுழி ரோட்டை விட்டு இறங்கிக் கண்மாய்க்கரையைத் தாண்டினால் சீமைக்கருவேல், இடையிடையே உடைமரம், வெடித்துக் கிடக்கும் கரிசல், அதன் நடுவே ஆடுகள் நடந்து நடந்து விழுந்த ஒற்றைத்தடம். அவ்வளவுதான்.

கருப்பட்டியும் ரோசியும் ஒரே ஈற்றுக் குட்டிகள். சிப்பிப்பாறைச் சாதி, ஒன்றரை வயது. முயலைக் கண்டால் காற்றாய்ப் பறக்க வேண்டிய கால்கள். இழுத்துக்கொண்டு ஓடிவிடுமோ என்று அஷ்லின் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். அவை ஓடவில்லை. நிறைமாதக்காரி நடப்பதுபோல நிதானமாக நடந்தன.

உடைந்த மடைக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டும் உட்கார்ந்தன. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கருப்பட்டி எழுந்து அவளுக்குக் குறுக்கே வந்து, உடம்பை விறைத்துக்கொண்டு நின்றது. அவள் அதைத் தள்ளிவிட்டு நடந்தாள். இருநூறு அடி போயிருப்பாள். உடைமரத்தடியில் மறுபடியும் உட்கார்ந்தன. அடுத்தது நூற்றைம்பதில். அதற்கடுத்தது நூறுகூட இல்லை. எண்ணுவது அவளுக்குப் பழக்கம். மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள்.

ஆடு பத்திக்கொண்டு எதிரே வந்த பெத்தம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அமிர்தம் அண்ணே மகதான நீயி? என்ன, உக்காந்துக்கிருச்சுகளா? இதுக நாயா, கல்யாண வீட்டுக்கு வந்த மாமனுகளான்னு நான் அண்ணேகிட்டக் கேப்பேன். எங்க பாத்தாலும் ஒக்காருதுக."

"ஏன் அத்தை இப்படி?"

"ஒங்கப்பா ஒக்காருவாகள்ல, அதான். நெஞ்சத் தடவிக்கிட்டே ஒக்காந்திருப்பாக. என்னண்ணேன்னு கேட்டா, கேஸு தொந்தரவும்மான்னுவாக. எந்திரிக்கையில இந்தா, இந்தக் கருத்தவன் முதுகுலதான் கைய ஊனி எந்திரிப்பாக. வரவர எட்டு வைக்க முடியல பாவம். இந்த வட்டத்த விட்டு அங்கிட்டுப் போனதே இல்ல."

"எத்தனை நாளா அத்தை?"

"பொங்கலுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு தாயி."

ஆடுகள் கலைந்து நின்றன. கருப்பட்டி இன்னும் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அஷ்லின் அதன் முதுகில் கையை வைத்தாள். அந்த இடத்தில் மயிர் அழுந்திப் போயிருந்ததாக அவளுக்குத் தோன்றியது. அது அவள் நினைப்பாகவும் இருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அப்பா போனில் பேசினார். "நெஞ்சுல கரிக்குது தாயி, நடந்தா கூடுது." அப்போது அவள் மேசையில் நாற்பது பேர் ரத்தம் சோதிக்கக் காத்திருந்தது. "கேஸா இருக்கும்ப்பா. காலையில வெறும் வயித்துல மாத்திரை போடுங்க," என்று ஒரு பெயரைச் சொன்னாள். அவர் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். நடந்தால் கூடுகிறது என்று சொன்னவரிடம் அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் எப்போது விசாரித்தாலும், "மூணு கிலோமீட்டர் நடந்துட்டு இப்பத்தான் வந்தேன்," என்பார். அவளும் அதை நம்பினாள். கூட வேலை பார்ப்பவர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

"அம்மாகிட்டச் சொல்லிறாதீக அத்தை."

"நான் எதுக்குச் சொல்றேன்," என்றாள் பெத்தம்மாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஞானப்பூ எல்லோரிடமும் சொல்வதையே இவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு தலவலி காய்ச்சல்னு படுத்ததில்ல. டீக்கடையில கிளாஸ கையில வாங்குனாக, சாஞ்சுட்டாக. கர்த்தர் ஒரு நாளு வலியத் தரல." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தெளிவாக இருந்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுகிறாள், சாப்பிடுகிறாள் என்பது அஷ்லினுக்குத் தெரியும்.

வந்தவர்கள் போனதும் ஞானப்பூ சொன்னாள். "நாப்பதாம் நாள் ஜெபம் முடியட்டும். மறுநா நானும் ஒங்கூட காட்டுக்கு வாரேன். அவுக நடந்த பாதைய ஒரு தடவை நடந்து பாக்கணும்."

அஷ்லின் லீவை நீட்டித்தாள். இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது. அதற்குள் நாய்கள் அந்த இடங்களை மறக்க வேண்டும்.

மறுநாள் ஒரு பொட்டலம் பொறை ரொட்டி வாங்கினாள். மடை வருவதற்கு முன்பே சங்கிலியை விட்டுவிட்டு, ரொட்டியைக் காட்டிக்கொண்டு மடையைத் தாண்டி ஓடினாள். நாய்கள் ஓடி வந்து, பாதியில் நின்று, திரும்பிப் பார்த்தன. பின்னால் யாரோ மெதுவாக வந்துகொண்டிருப்பதைப்போல. பிறகு திரும்பிப் போய் மடையோரம் உட்கார்ந்தன. அவள் அதட்டினாள். கிட்டே வந்து சங்கிலியைப் பிடித்துச் சுண்டினாள். ரோசி முனகியது.

ஒரு வாரத்தில் மடையோரம் உட்காருவதை விட்டன. இரண்டாவது வாரம் உடைமரத்தை விட்டன. கருப்பட்டி குறுக்கே வந்து நிற்கும்போதெல்லாம் அதன் விலாவில் முழங்காலால் இடித்தாள். ஒருநாள் கொஞ்சம் பலமாகவே இடித்துவிட்டாள். அது விலகி நின்று அவளைப் பார்த்தது. அதற்கப்புறம் குறுக்கே வரவில்லை. அன்று கருவேல மறைவில் உட்கார்ந்து அழுதாள். அம்மாவுக்காகச் செய்கிறேனா, போனில் நான் சொன்ன 'கேஸ்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகச் செய்கிறேனா என்று அவளுக்கே பிடிபடவில்லை. முப்பத்தைந்தாம் நாள் நாய்கள் எங்கேயும் நிற்காமல் ஓடின. அப்பா உட்கார்ந்த இடங்கள் இப்போது பெத்தம்மாளை விட்டால் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஜெபம் முடிந்த மறுநாள் ஞானப்பூ வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். சங்கிலியைக் கழற்றியதும் நாய்கள் பாய்ந்தன. கண்மாய் மூலை வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடி, புழுதி கிளப்பித் திரும்பி, மறுபடி ஓடின. ஞானப்பூ நின்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் தோள் தளர்ந்தது.

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லல," என்றாள். "கொஞ்ச நாளாவே ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க மாட்டாக. வேத்து ஊத்தும். கேட்டா, புழுக்கம்பாக. நான் ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்கணுமோ, கூடப் படுத்திருந்து தெரியாமப் போச்சோன்னு இந்த நாப்பது நாளும் நான் ஒழுங்காத் தூங்கல. அதுக்குத்தான் வந்தேன். இம்புட்டு ஓட்டம் ஓடுற இதுக பின்னாடி தெனமும் நடந்த மனுசனுக்கு நெஞ்சுல என்ன நோவு இருந்திருக்கப் போகுது?"

அஷ்லின் வாயைத் திறந்தாள்.

"இல்லயா பிள்ள?"

"ஆமாம்மா," என்றாள்.

ஞானப்பூ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பசிக்குது. வீட்டுக்குப் போவோம்," என்று முன்னால் நடந்தாள். அஷ்லின் நாய்களைக் கூப்பிட்டாள். அவை வெகுதூரம் போயிருந்தன.